பிக்காடிலிப் பூட்டும் ஹாப்ஸின் கைக்கருவிகளும்: 1851 நிகழ்வு ஆய்வு

லண்டன் பிக்காடிலி தெருவில் பிராமா கம்பெனியின் கடை ஜன்னலில் ஒரு பூட்டு பல பத்தாண்டுகளாகக் காட்சிக்கு இருந்தது. பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை. இந்தப் பூட்டைத் திறக்கும் கருவியைச் செய்து கொண்டுவருபவருக்கு, அதைக் காட்டிய அந்த நிமிடமே 200 கினி தரப்படும் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு கினி 21 ஷில்லிங். ஆக 210 பவுண்டு. அந்தக் காலத்துத் தொழிலாளி ஒருவருக்குச் சில வருடச் சம்பளம்.

1851 ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் அந்தப் பூட்டைத் திறந்தார். பூட்டு வரலாறு எழுதும் எல்லோரும் இதை ஹாப்ஸின் கைத்திறமைக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பலகை பரிசு அறிவித்தது கருவி செய்கிறவருக்கு. ஹாப்ஸ் ஜெயித்ததும் கருவியால்தான். அதிலும் பூட்டுக்குள் துழாவிய ஊசியைவிட, அந்த ஊசி வேலை செய்வதற்காக மற்றதையெல்லாம் அசையாமல் பிடித்துவைத்த சாமான்களால். வீட்டில் ஒரு அரத்தையும் ஆக்சா பிளேடையும் வைத்துக்கொண்டு முதல்முறையாக லாக் பிக், அதாவது சாவியில்லாமல் பூட்டைத் திறக்கும் கம்பி, செய்யப் பார்க்கிறவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆள் யார்

ஹாப்ஸ் 1812இல் பாஸ்டனில் பிறந்தவர். கண்ணாடி வெட்டும் தொழிலில் இருந்து, கண்ணாடிக் கைப்பிடியைக் கதவில் பொருத்துவது வழியாகப் பூட்டுத் தொழிலுக்கு வந்தார். நியூயார்க்கின் டே அண்ட் நியூவெல் கம்பெனி தயாரித்த பூட்டை விற்பது அவர் வேலை. விற்கும் முறை எளிது: வங்கிக்குப் போவார், அவர்கள் நம்பியிருக்கும் பூட்டை அவர்கள் கண்முன்னே திறந்து காட்டுவார், அப்புறம் தன் பூட்டை எடுத்து மேசையில் வைப்பார். 1851 மே மாதம் லண்டன் ஹைட் பார்க்கில் உலகக் கண்காட்சி தொடங்கியபோது அதே வித்தையோடு அங்கே வந்து இறங்கினார்.

இங்கிலாந்தில் அப்போது இரண்டு பூட்டுகளுக்குத்தான் பெரிய பெயர். ஒன்று பிராமா, இன்னொன்று சப்.

சப் பூட்டு: 25 நிமிடம்

1817இல் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் ஒரு திருட்டு நடந்தது. அதையடுத்து, சொந்தச் சாவியைத் தவிர வேறு எதனாலும் திறக்க முடியாத பூட்டுக்கு அரசாங்கம் 100 பவுண்டு பரிசு அறிவித்தது. அதற்கு விடையாக ஜெரிமையா சப் 1818இல் காப்புரிமை பெற்றதுதான் டிடெக்டர் பூட்டு. அடிப்படையில் லீவர் பூட்டு. திண்டுக்கல் பூட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு லீவர் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை: அடுக்கடுக்காக மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். சப் அதில் சேர்த்த புதுமை, எந்த லீவரையாவது அளவுக்கு மேல் தூக்கினால் ஒரு ஸ்பிரிங் அதைக் கவ்விக்கொள்வது. அதன்பின் சரியான சாவியே போட்டாலும் நேராகத் திறக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும்.

போர்ட்ஸ்மத்தில் கைதிகளை அடைத்துவைத்திருந்த ஒரு கப்பலில் பூட்டுத் தொழில் தெரிந்த கைதி ஒருவர் இருந்தார். இதுவரை தான் திறக்காத பூட்டு இல்லை என்று சொன்னாராம். திறந்தால் விடுதலை அரசாங்கத்திடமிருந்து, பணம் சப்பிடமிருந்து என்று பேச்சு. கருவிகளும் மாதிரிப் பூட்டும் கொடுத்தார்கள். இரண்டு மூன்று மாதம் போராடிவிட்டு முடியாது என்று ஒப்புக்கொண்டார். சப்புக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை.

1851 ஜூலை 22. வெஸ்ட்மின்ஸ்டர், கிரேட் ஜார்ஜ் தெரு, 34ஆம் எண். சவுத் ஈஸ்டர்ன் ரயில்வேயின் ஏஜெண்டுகள் முன்பு இருந்த இடம். ஆவணங்கள் வைப்பதற்கான பாதுகாப்பு அறை, இரும்புக் கதவு, ஆறு லீவர் சப் பூட்டு, மூன்று தாழ். சாட்சிகளை அழைத்து நிற்கவைத்து, காலை 11.35க்கு ஹாப்ஸ் ஆரம்பித்தார். 25 நிமிடத்தில் திறந்தார். அதே கருவிகளால் மறுபடி பூட்டிக் காட்டச் சொன்னார்கள். ஏழு நிமிடத்தில் பூட்டினார். பூட்டிலும் கதவிலும் ஒரு கீறல் இல்லை என்று சாட்சிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். சாவியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சாவித் துவாரத்தை மட்டும் முன்கூட்டிப் பார்க்க அனுமதித்திருந்தார்கள்.

இதில் வேடிக்கை, கள்ளனைக் காட்டிக்கொடுக்க வைத்த டிடெக்டரே ஹாப்ஸுக்கு உளவு சொன்னது. லீவரை எவ்வளவு தூக்கினால் அதிகம் என்று அது ஒவ்வொரு முறையும் அறிவித்தது. எல்லை தெரிந்துவிட்டால், சரியான உயரம் அதற்குச் சற்றுக் கீழேதான். சிக்கிக்கொண்டதை விடுவிக்கவும் வழி இருந்தது. 1824இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு, சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினாலே டிடெக்டர் பழைய நிலைக்கு வந்துவிடும். சாவி செய்வதை ஒரு கம்பியும் செய்யலாம்.

அழுத்தம் என்ன செய்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். இது புரியாமல் கருவி செய்தால் வெறும் தகடு வெட்டும் வேலையாகிவிடும்.

ஒரு பூட்டில் ஆறு லீவர் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பத்து உயரம் சாத்தியம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு முயன்றால் 10 லட்சம் விதம். பூட்டுக் கம்பெனிகள் விளம்பரத்தில் போடுவது இந்தப் பெருக்கல் கணக்கைத்தான். ஆனால் தாழைத் திறக்கும் திசையில் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் கணக்கு மாறிவிடுகிறது. ஆறு லீவரும் ஒரே நேரத்தில் தாழைத் தடுப்பதில்லை. அவற்றின் வெட்டுகளை எந்தத் தொழிலாளியாலும் முடி அளவு வித்தியாசம்கூட இல்லாமல் ராவ முடியாது. ஆகவே ஏதோ ஒரு லீவர் மட்டும் முதலில் தாழோடு இறுகி நிற்கும். மற்றவை தளர்வாக ஆடும். இறுகியதைத் தேடிக் கண்டுபிடித்து மெதுவாகத் தூக்கினால், சரியான உயரத்தில் தாழ் மயிரிழை நகரும், இறுக்கம் அடுத்த லீவருக்குப் போகும். அப்புறம் அது. ஆறு பத்தைப் பெருக்குவதற்குப் பதில் கூட்டுகிறோம். 10 லட்சம் அறுபதாகிவிட்டது.

ஆக, பூட்டைப் பேசவைப்பது அழுத்தம். அது சொல்வதைக் கேட்பது பிக். அழுத்தம் நடுங்கினாலோ நடுவில் விட்டுப்போனாலோ அதுவரை ஒழுங்கான லீவரெல்லாம் கீழே விழுந்துவிடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆறு லீவருக்கு 25 நிமிடம் கையாலேயே பிடித்துவிடலாம். பிராமாவில் அது நடக்காது.

18 ஸ்லைடர்

ஜோசப் பிராமா 1784இல் காப்புரிமை பெற்ற பூட்டு வேறு ஜாதி. சாவி ஒரு சின்னக் குழாய். அதன் நுனியில் வெவ்வேறு ஆழத்தில் நீளவாக்கில் வெட்டுகள். பூட்டுக்குள் ஒரு உருளை, அதைச் சுற்றி வட்டமாக ஸ்லைடர்கள் என்ற மெல்லிய எஃகுத் துண்டுகள். சாவியை உள்ளே தள்ளும்போது ஒவ்வொரு ஸ்லைடரும் அதனதன் ஆழத்துக்குத் தள்ளப்படுகிறது. எல்லா ஸ்லைடரின் பள்ளமும் நிலையான ஒரு தகட்டின் நேருக்கு வந்தால்தான் உருளை சுழலும். ஸ்லைடர்களை வெளியே தள்ளிக்கொண்டே ஒரு வலுவான ஸ்பிரிங் இருக்கிறது. கையை எடுத்தால் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இவ்வளவு நுணுக்கமான உருப்படிகளைத் தொடர்ந்து ஒரே தரத்தில் செய்வதற்கான இயந்திரங்களை உருவாக்கியவர், பிராமாவிடம் இளவயதில் வேலைக்குச் சேர்ந்த ஹென்றி மாட்ஸ்லி. பின்னாளில் திருகு வெட்டும் லேத்துக்குப் பெயர் பெற்றவர் அவரேதான். கடைகளில் விற்ற சாதாரண பிராமா பூட்டில் ஸ்லைடர் குறைவு. ஜன்னலில் இருந்த சவால் பூட்டில் 18.

ஒப்பந்தம் முறையாகப் போட்டார்கள். நடுவர்கள் மூவர்: பொறியாளர் ஜார்ஜ் ரென்னி, கிங்ஸ் காலேஜ் பேராசிரியர் எட்வர்ட் கூப்பர், அமெரிக்கரான டாக்டர் பிளாக். பூட்டை மரக்கட்டைக்குள் வைத்து மூடி, ஒரு கதவில் திருகாணியால் முடுக்கி, திருகாணிகளுக்கு முத்திரை வைத்தார்கள். சாவித் துவாரமும் கொண்டியும் மட்டும் வெளியே. ஹாப்ஸ் வேலை செய்யாத நேரத்தில் துவாரத்தின் மேல் ஒரு இரும்புப் பட்டை. அதற்கு ஹாப்ஸின் முத்திரை. சாவியையும் உறையிட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். கடைசியில் அந்தச் சாவி பூட்டைப் பூட்டித் திறந்தால்தான், ஹாப்ஸ் பூட்டைக் கெடுக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. கால அவகாசம் 30 நாள்.

அவர் செய்துகொண்ட சாமான்கள்

ஜூலை 24 அன்று ஆரம்பம். பிராமாவின் சிக்கல் இரண்டு. ஸ்பிரிங்கின் உதைப்பை அடக்க வேண்டும். அதே சமயம் உருளையைத் திருப்பும் அழுத்தத்தையும் விடாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இரண்டு கை போய்விட்டால் ஸ்லைடரைத் துழாவக் கை ஏது?

ஸ்பிரிங்குக்கு அவர் கண்ட வழி: பல் வைத்த ஒரு எஃகுத் தண்டைத் துவாரத்துக்குள் விட்டு, ஸ்லைடர்களைத் தாங்கும் வட்டத் தகட்டை உள்ளே அழுத்தி, அதை வெளியே மரச்சட்டத்தோடு திருகாணியால் நிறுத்திவிட்டார். இனி ஸ்பிரிங் அந்தத் திருகாணியோடு மல்லுக்கட்டட்டும். உருளையைத் திருப்ப வளைந்த ஒரு நெம்புகோல், அதன் முனையில் எடை. எடைக்குக் கை வலிக்காது, கவனம் சிதறாது, ஒரே அளவு இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே வெளிச்சம் பாய்ச்ச ஒரு பிரதிபலிப்புக் கண்ணாடி.

இவ்வளவும் பொருத்திய பிறகுதான் ஊசி. ஸ்லைடரை உள்ளே தள்ள, ஓரளவு கூரான நுனியுள்ள ஒரு சாதாரண எஃகு ஊசி. தவறி அதிகமாகத் தள்ளிவிட்டால் பின்னால் இழுக்க, நுனியில் சின்னக் கொக்கி உள்ள, குரோஷே ஊசி மாதிரியான இன்னொன்று. அவ்வளவுதான். தள்ள ஒன்று, இழுக்க ஒன்று. இவற்றைச் செய்ய அரைநாள் பட்டறை வேலை போதும்.

எனக்கு மிகப் பிடித்தது மூன்றாவது சாமான். மெல்லிய, குறுகிய ஒரு பித்தளைத் தகடு. ஊசியால் ஸ்லைடரின் விளிம்பைத் தடவிப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, இடத்துக்குக் கொண்டுவந்த பிறகு, இந்தத் தகட்டை உள்ளே விட்டு ஆழத்தை அளந்து, அதன் மேலேயே கீறிக்கொள்வார். அடுத்த ஸ்லைடர், அடுத்த கீறல். அழுத்தம் ஒருவேளை விட்டுப்போனாலும் உழைப்பு வீணாகாது. கீறலைப் பார்த்து ஸ்லைடரைப் பழைய ஆழத்தில் மறுபடி நிறுத்திவிடலாம். பித்தளையைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு தொழிலறிவு இருக்கிறது. அது மென்மையானது, ஊசி முனையாலேயே கோடு விழும், உள்ளே உரசினாலும் எஃகு ஸ்லைடரைக் கீறாது. கையால் திறந்துகொண்டிருந்ததோடு கூடவே, பூட்டின் சாவிக்கான அளவுகளையும் அவர் எழுதிக்கொண்டே போனார் என்று சொல்லலாம்.

நடுவில் கொஞ்ச நாள் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 23 அன்று கூப்பருக்கும் பிளாக்குக்கும் திறந்த பூட்டைக் காட்டினார். ரென்னி ஊரில் இல்லை. மொத்தம் 16 நாள், பூட்டோடு அறையில் இருந்தது 51 மணி நேரம். 29ஆம் தேதி ரென்னியும் பிராமா தரப்பும் பார்க்க மறுபடி பூட்டித் திறந்தார். 30ஆம் தேதி முத்திரையைப் பிரித்துச் சாவியைப் போட்டுப் பார்த்தார்கள். பூட்டியது, திறந்தது. அதன்பிறகு கருவிகளை முறைப்படி நடுவர்கள் முன் வைத்தார். செப்டம்பர் 2 தேதியிட்ட அறிக்கையில் மூவரும் ஒருமனதாக 200 கினியைக் கொடுக்கச் சொன்னார்கள்.

பிராமாவின் முறையீடு

பிராமா கம்பெனி பணத்தைக் கொடுத்தது. ஆனால் மனதார அல்ல. நாங்கள் கேட்டது ஒரு கருவி. இவர் மரச்சட்டத்தில் ஒரு பட்டறையையே பொருத்திவிட்டார், எந்தத் திருடனுக்கு இப்படி 16 நாள் உட்கார அனுமதி கிடைக்கும் என்பது அவர்கள் வாதம்.

அதில் நியாயம் இருக்கிறது. ஆளில்லாத வீட்டில்கூட 51 மணி நேரம் ஒருவர் ஒரு பூட்டோடு உட்கார முடியாது. காவலாகப் பார்த்தால் அந்தப் பூட்டு தோற்கவேயில்லை என்றும் வாதாடலாம். ஆனால் பலகையில் நேரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, அத்தனை வருடம் கடை விளம்பரம் அதை வைத்துத்தான் நடந்தது. திறக்கவே முடியாது என்று சொன்னவர், திறக்க நெடுநேரம் ஆகும் என்று சொல்லியிருந்தால் ஹாப்ஸ் வந்திருக்கவே மாட்டார். நடுவர்கள் செய்தது சரி.

இன்னொரு எதிர்ப்பும் எழுந்தது. பூட்டுத் திறக்கும் வித்தையைப் பகிரங்கமாகக் காட்டினால் திருடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகாதா? ஹாப்ஸ் தரப்பின் பதில், திருடர்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள், நாம் சொல்லித்தர வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை, தெரியாமல் இருப்பது பூட்டை வாங்குகிறவர்தான் என்பது. கணினிப் பாதுகாப்புக்காரர்கள் இன்றைக்கும் இதே வாதத்தை இதே வேகத்தோடு நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஹாப்ஸின் பூட்டுக்கு என்ன ஆயிற்று

ஹாப்ஸ் லண்டனிலேயே தங்கிச் சொந்தப் பூட்டுக் கம்பெனி தொடங்கினார். 1854இல் சிவில் பொறியாளர் கழகத்தின் டெல்ஃபோர்ட் பதக்கம் கிடைத்தது. 1860இல் அமெரிக்கா திரும்பி, பின்பு தோட்டா தயாரிக்கும் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்து, 1891இல் காலமானார். அவர் கொண்டுவந்த நியூவெல் பூட்டுக்கும் லண்டனில் சவால் விட்டார்கள். உள்ளூர் ஆள் ஒருவர் 30 நாள் முயன்று தோற்றார். ஆனால் அமெரிக்காவில் 1850களின் நடுவில் லைனஸ் யேல் ஜூனியர் என்ற இளைஞர் அதைத் திறந்துவிட்டார். எதனால்? மரத்தைச் செதுக்கிச் செய்த சாவியால். எஃகுகூட வேண்டியிருக்கவில்லை.

அதே யேல் 1861லும் 1865லும் காப்புரிமை பெற்ற ‘பின் டம்ளர்’ (pin tumbler) பூட்டுதான் இன்று நம் வீட்டுக் கதவுகள் பலவற்றில் இருக்கிறது. பின் என்ற சின்னச் சின்னப் பித்தளை ஊசிகள், மேலே ஸ்பிரிங், சுழலும் ஒரு உருளை. வீட்டில் பிக் செய்து பழகுகிறவர் முதலில் கை வைப்பதும் இதில்தான். சப் லீவரில் நடந்தது இதிலும் அப்படியே நடக்கும்: உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஒரு பின் மட்டும் முதலில் இறுகும்.

இன்று அரம் பிடிப்பவருக்கு

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் பிக்கின் நுனி வடிவத்தில் மூழ்கிவிடுகிறார்கள். அரைவட்டம், வைரம், பாம்பு வளைவு என்று பத்து விதம் வெட்டி வரிசையாக அடுக்குவார்கள். அழுத்தம் கொடுக்க ஏதோ ஒரு ஹேர்பின்னை வளைத்துக்கொள்வார்கள். ஹாப்ஸ் செய்தது நேர்மாறு. ஊசி இரண்டே இரண்டு. உழைப்பெல்லாம் பிடிமானத்தில். ஆகவே அழுத்தம் கொடுக்கும் கருவியான டென்ஷன் ரெஞ்சிலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு நல்ல பொருள் காரின் பழைய வைப்பர் பிளேடு. ரப்பரை உருவினால் இரண்டு பக்கமும் நீளமான ஸ்டெயின்லெஸ் பட்டைகள் வரும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஒரு விரல் நீளத்துக்குச் சற்று அதிகமாக வெட்டி, முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு வைஸில் கவ்வி, சுத்தியலால் அடிக்காமல் கட்டைவிரலாலும் ஒரு மரத்துண்டாலும் மெதுவாகத் தள்ளி வளையுங்கள். மூலை கூர்மையாக மடிய வேண்டாம்; சற்று உருண்டிருந்தால்தான் விரிசல் வராது. துவாரத்துக்குள் போகும் பகுதியின் அகலத்தை அரத்தால் ராவிச் சரிசெய்யுங்கள். உள்ளே விட்டால் ஆடாமல் உட்கார வேண்டும். பிக் போவதற்கும் இடம் மிச்சம் இருக்க வேண்டும். ஆடுகிற ரெஞ்ச் வழியாக விரலுக்கு எந்தச் செய்தியும் வந்து சேராது.

பிக்குக்கு எல்லோரும் முதலில் எடுப்பது ஆக்சா பிளேடு. கனம் சுமார் 0.6 மில்லிமீட்டர், சரியான அளவுதான். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. முழுக்கக் கடினப்படுத்தியதை வளைத்தால் பிஸ்கெட் போல ஒடியும், அரம் அதன்மேல் சறுக்கிக்கொண்டு போகும். பல் மட்டும் கடினமாக இருக்கும் வளையும் வகையில் முதுகுப் பக்கம் அரம் பிடிக்கும். சாணைக்கல் இல்லாமல் வெறும் கைக்கருவியோடு வேலை செய்கிறவருக்கு நான் சொல்வது ஃபீலர் கேஜ். மெக்கானிக்குகள் இடைவெளி அளக்க வைத்திருக்கும் தகட்டுக் கொத்து. அதில் 0.5 மில்லிமீட்டர் தகடு ஒன்று போதும். ஸ்பிரிங் எஃகு, நல்ல அரம் மெதுவாக, ஆனால் நிச்சயமாகக் கடிக்கும்.

வடிவத்தை மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு கொக்கி: கழுத்து ஒரு இரண்டரை மில்லிமீட்டர் உயரம், நுனி அதற்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் எழும்பி நின்றால் பெரும்பாலான பூட்டுக்குப் போதும். இரண்டு கழிவுத் தகடுகளுக்கு நடுவில் வைத்து வைஸில் கவ்வி, ராவ வேண்டிய கோடு மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். தகடு நிறைய நீட்டிக்கொண்டிருந்தால் அதிரும், கிறீச்சிடும், அரத்தின் பல்லும் போகும். அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். பின்னே வரும்போது தூக்கிக்கொள்ளுங்கள்.

கழுத்தும் கொக்கியும் சேரும் உள்மூலைக்கு வந்தால் தட்டை அரத்தை வைத்துவிட்டு உருண்டை அரத்தை எடுங்கள். அங்கே ஒரு கூர்மூலை விட்டால் நாளைக்கு ஒடிவது அந்த இடத்தில்தான். எங்காவது சாணை பிடிக்க நேர்ந்தால், சில நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள். எஃகு வெறும் விரலால் தொட முடியாத அளவுக்குச் சூடாகும் முன் நிறுத்துங்கள். ஓரத்தில் நீலம் ஏறிவிட்டால் அந்த இடம் சுமார் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, விறைப்பு குறைந்திருக்கும். வெட்டி எறிந்துவிட்டு அடுத்த துண்டை எடுப்பது நல்லது.

உப்புத்தாள் போடுவதில் அவசரம் வேண்டாம். 220இல் ஆரம்பித்து 400, 800 என்று போகலாம். முக்கியம் திசை: எப்போதும் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே விழுந்த ஒவ்வொரு கீறலும் கழுத்து வளையும்போது விரிசலுக்கு வாசல். பளபளப்பு அழகுக்காக இல்லை. சொரசொரப்பான பிக் பின்னின் மேல் உரசும்போது அந்த உரசலையே பின்னின் அசைவு என்று விரல் நம்பிவிடும். நுனியின் இரண்டு பக்கச் சிலும்பையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பித்தளையைச் சுரண்டித் தூள் உள்ளே விழும்.

கைப்பிடிக்கு வயரில் போடும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் இரண்டு அடுக்கு போதும். தடித்த மரப்பிடி போட்டால் அதிர்வு விரலுக்கு வராது.

பழகுவதற்கு மலிவான ஒரு பூட்டு வாங்குங்கள். முடிந்தால் பிரித்து ஒரே ஒரு பின்னை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அது பிடிபட்டதும் இரண்டாவதைச் சேருங்கள். ரெஞ்சில் வைக்கும் விரல் நகம் வெளுக்கக் கூடாது. வெளுத்தால் அழுத்தம் அதிகம். பூட்டு உங்களுடையதாகவோ, சொந்தக்காரர் சம்மதித்ததாகவோ இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ராத்திரியில் ஊர் சுற்றினால் போலீஸிடம் நிறைய விளக்கம் சொல்ல வேண்டிவரும். வீட்டு வாசல் கதவில் தினமும் புழங்கும் பூட்டில் பழகவே வேண்டாம். நுனி ஒடிந்து உள்ளே மாட்டினால் முதலில் ரெஞ்சை விட்டுவிடுங்கள். பின்கள் தளர்ந்ததும் துவாரத்தைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். விழவில்லையென்றால் ரம்பப் பிளேடின் மெல்லிய துண்டு ஒன்றைப் பல் வெளிப்பக்கம் பார்த்திருக்கும்படி உள்ளே விட்டு, ஒடிந்த துண்டை அதன் பல்லில் மாட்டி இழுத்துவிடலாம்.